யாருடைய கண்சிமிட்டல்?

2021 பிப்ரவரியில் இறந்தவர்கள் புகைப்படத்துக்குள்ளிருந்து கண் சிமிட்டத் தொடங்கினார்கள். மைஹெரிட்டேஜ் என்ற வம்சாவளி நிறுவனம் ‘டீப் நாஸ்டால்ஜியா’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை வெளியிட்ட மாதம் அது. தாத்தா பாட்டிகளோடு விஷயம் நிற்கவில்லை. பகத்சிங்கும் தலையைத் திருப்பினார். ‘உயிரோட பாக்கற மாதிரியே இருக்கு’ என்று நம்மாட்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த உயிர் யாருடையது? முன்பே பதிவான வேறொருவரின் தலையசைப்பையும் சிமிட்டலையும் கருவி நிலைப்படத்தின் மீது ஏற்றுகிறது. அவ்வளவுதான். 2019இல் வெளியான ‘ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன் மாடல்’ ஆய்வின் வழியும் இதுவே. 2020இல் ஒரு ஜப்பானிய வீடியோ கேம் பாட்டுக்குக் கண்டவர்களையும் வாயசைக்க வைத்த மீம்கள் அதிலிருந்து பிறந்தவை.

பகத்சிங்கின் தொப்பிப் படத்துக்கு வேறு வரலாறு. 1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாட்கள் முன்பு, டெல்லி காஷ்மீரி கேட் ஸ்டுடியோவில் அவரே போய் எடுத்துக்கொண்டது. கைதான பின் பத்திரிகைகளில் வரவேண்டும் என்பது திட்டம். அதாவது, தன் பிம்பத்தைத் தானே தீர்மானித்த அரசியல் செயல். 1931 மார்ச் 23இல் தூக்கிலிட்டவர்களால் அந்தப் பார்வையை ஒன்றும் செய்ய முடியவில்லை. காலண்டர்களிலும் சுவர்களிலும் அது அசையாமல் நின்றது. அசையாமைதான் அதன் பேச்சு.

துஷ்பிரயோகம் ஆகிவிடும் என்று 2021இல் பேச்சைத் தவிர்த்த அதே நிறுவனம், 2022இல் படங்களைப் பேசவும் வைத்தது. சிமிட்டலைக் கடன் கொடுத்தாயிற்று. இனி வசனத்தை யார் எழுதப்போகிறார்கள்? சிரித்துவிட்டுப் பகிர்வதற்கு முன் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.