கிரீச்சும் டொக்கும்

அப்பாவின் அம்பாசடர் பேசும். மண்ரோட்டில் இறங்கினால் பின்னாலிருந்து ‘கிரீச்’. பள்ளத்தில் விழுந்தால் முன்னாலிருந்து ‘டொக்’. “பழைய வண்டின்னா சத்தம் வரத்தான்டா செய்யும்” என்பார் அப்பா.

அந்த வருடம் ஆடி 18க்கு ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை போவதாக இருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாள் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் காட்டினோம்.

அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. “எப்ப சத்தம் வருது? பிரேக் போடறப்பவா, திருப்பறப்பவா, பள்ளத்துலயா?” என்று கேட்டார். பிறகு பின்பக்க பம்பரில் ஏறி நின்று குதித்தார். கிரீச். “இது ஒண்ணுமில்ல. ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல காஞ்சு கெடக்கு.”

அந்தக் கிரீச்சுக்கு வயது 200க்கு மேல். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் குதிரை வண்டிக்கான வில் அமைப்புக்கு 1804இல் காப்புரிமை வாங்கினார். எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவதுதான் அந்த வில். பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே வண்டியின் துள்ளலையும் கொஞ்சம் அடக்கும். வேகம் கூடியபோது அது போதவில்லை. அதற்கென்று தனியாக ஷாக் அப்சார்பர் வந்தது. ஆக, கிரீச் என்பது பாதி நோய், பாதி வேலை.

முன்பக்கத்தின் கதை வேறு. அங்கே இருப்பது முறுக்குத்தண்டு, அதாவது டார்ஷன் பார். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் காப்புரிமை கேட்ட முறை அது. அலெக் இசிகோனிஸ் 1948இல் மோரிஸ் மைனரில் அதைப் பயன்படுத்தினார். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டுக்கும் அதே ஏற்பாடு. அந்த ஆக்ஸ்ஃபர்டின் மூன்றாம் வரிசைதான் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடராகி, 2014 வரை வந்துகொண்டிருந்தது. குதிரை வண்டிக் காலம் பின்னால், 1931 முன்னால். நடுவில் நாங்கள் உட்கார்ந்து போனோம்.

முறுக்குத்தண்டில் உரசப் பட்டைகள் கிடையாது. சத்தமில்லாமல் முறுக்கிக்கொள்ளும். அப்படியென்றால் ‘டொக்’ எங்கிருந்து?

அண்ணன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. “தம்பி, பிரேக்கை மிதிச்சுப் புடி” என்றார். மிதித்தேன். அப்போதும் ஆடியது. பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். நிற்கவில்லை. தேய்ந்திருந்தது சக்கரத்தைத் தாங்கும் மூட்டு.

மோரிஸ் மைனரின் தீராத வியாதியும் இதே இடத்தில்தான். கீழ்மூட்டில் திருகுமரை உண்டு. கிரீஸ் காட்டாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று சக்கரம் மடங்கிவிடும்.

“இத்தன நாளா ஒழுங்காத்தானப்பா ஓடுச்சு” என்றார் அப்பா.

“ஓடுச்சுங்கண்ணே. கத்திக்கிட்டேதான ஓடுச்சு.”

அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் ஆத்தாவை பஸ்ஸில் கூட்டிப் போனோம். ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்குக் கற்றது இவ்வளவுதான். கிரீச் காத்திருக்கும், டொக் காத்திருக்காது. இப்போதெல்லாம் மண்ரோடு வந்தால் அப்பா பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குகிறார்.