முதுகுத் தகடு: ஒரு பட்டறைக் கருவியின் வரலாறு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் காப்புரிமைப் பதிவேடுகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் தொடங்குகிறார்கள். பதிவேடுகளில் இடம்பெறாத கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அவற்றைச் செய்தவர்களே அவற்றைப் பயன்படுத்தினார்கள். பயன்படுத்தியவர்களின் உயிரே அவற்றின் தரத்துக்குச் சோதனையாக இருந்தது. ஸ்கூபா முக்குளிப்போர் முதுகில் அணியும் உலோகத் தகடு அத்தகைய ஒரு கருவி.

ழாக் கூஸ்தோவும் எமில் கான்யனும் 1943-இல் ஃபிரான்சில் அக்வாலங்கை உருவாக்கியபோது, காற்று உருளையை உடலோடு பிணைப்பது பெரிய சிக்கலாகத் தோன்றியிருக்காது. நாடாவார்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன. பின்னர் வார்ப்புப் பிளாஸ்டிக்கால் ஆன முதுகுச் சட்டங்கள் வந்தன. நீருக்குள் மிதப்பைக் கட்டுப்படுத்தும் கருவி தனிப்பாதையில் வளர்ந்தது. 1961-இல் மோரிஸ் ஃபென்ஸி, கழுத்தைச் சுற்றி மார்பின்மேல் படியும் காற்றுப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1971-இல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் கையில்லாச் சட்டை வடிவில் ஒரு மிதவை அங்கியைக் கொண்டுவந்தது. கடற்கரையில் பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு அது மிக வசதியானது. சந்தையும் அவர்களை நோக்கியே நகர்ந்தது.

சந்தை நினைத்துப் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. வடக்கு ஃப்ளோரிடாவின் நிலம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழைநீர் பன்னெடுங்காலம் அதைக் கரைத்துக் குடைந்த சுரங்கங்களில் தெளிந்த நீர் ஓடுகிறது. பீகாக், ஜின்னி, வக்குல்லா என்று ஊற்றுக்கண்கள் பல. அவற்றின் வாய் வழியே நுழைந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே செல்ல முடியும். ஆனால் மேலே பாறைக்கூரை. மூச்சு முட்டினால் நேரே மேலெழுந்து தப்பிக்க வழியில்லை. வந்த வழியே திரும்பி நீந்தியாக வேண்டும்.

1960களிலும் 70களிலும் இந்தக் குகைகளில் பலர் இறந்தார்கள். குகை முக்குளிப்பின் முன்னோடிகளில் ஒருவரான ஷெக் எக்ஸ்லி அம்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979-இல் ஒரு சிறு நூலை எழுதினார். வாயில்வரை அறுபடாமல் நீளும் வழிகாட்டுக் கயிறு, காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே செல்லச் செலவிடுதல், ஆழத்தில் கட்டுப்பாடு ஆகிய விதிகள் அந்த ஆய்வின் வழியே நிலைபெற்றன. விதிகள் ஒருபுறமிருக்க, அணிந்திருந்த கருவிகளும் ஆபத்துக்குத் துணை போயின. தொங்கும் குழாயும் புடைத்த கொக்கியும் கயிற்றில் மாட்டும். கால் தாழ்ந்த நிலையில் நீந்தினால் துடுப்பு தரையிலுள்ள களிமண் வண்டலைக் கிளப்பும். சில நொடிகளில் கண்ணாடிபோன்ற நீர் சேற்றுக் குழம்பாகும். பிறகு கையிலுள்ள விளக்கால் பயனில்லை.

எனவே குகைக்குள் செல்பவருக்குத் தேவைப்பட்டவை மூன்று. கனத்த இரட்டை உருளைகளை அசையாமல் தாங்கும் ஒரு சட்டம்; உடலைக் கிடைநிலையில் வைக்கும் எடைப் பகிர்வு; எங்கும் சிக்காத எளிமை. பிளாஸ்டிக் சட்டம் இரட்டை உருளையின் பாரத்தில் நெளிந்தது. மார்பில் புடைக்கும் காற்றுப்பை உடலை நிமிர்த்தித் தள்ளியது. ஒரு கைப்பிடி எண்ணிக்கையிலான குகைவாசிகளுக்காக எந்த நிறுவனமும் புதிய அச்சு வார்க்கப் போவதில்லை. ஆகவே அவர்கள் தங்கள் பட்டறைகளுக்குத் திரும்பினார்கள்.

1979 வாக்கில் கிரெக் ஃப்ளானகன் இந்த உலோகத் தகட்டையும், அதற்கும் உருளைகளுக்கும் இடையே அமரும் 'சிறகு' எனப்படும் காற்றுப்பையையும் கொண்ட அமைப்பை வடக்கு ஃப்ளோரிடா குகையாளர்களுக்காக உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. வில்லியம் ஹோகார்த் மெய்ன் அதை மேலும் செப்பனிட்டார். தேவையற்ற ஒவ்வொன்றையும் கழற்றி எறிவதே அவருடைய முறை. அவரது நடுப்பெயரால் அந்த அணிமுறை இன்றும் 'ஹோகார்த்திய முறை' எனப்படுகிறது. ஆரம்பகாலத் தகடுகள் சாலையோரப் போக்குவரத்துப் பலகைகளின் அலுமினியத்தை வெட்டிச் செய்யப்பட்டவை என்று முக்குளிப்போர் வாய்மொழியாகச் சொல்வதுண்டு. எவ்வளவு உண்மையோ, அக்காலத்தின் இயல்பை அது சரியாகவே காட்டுகிறது.

அந்தத் தகட்டை இன்றும் தங்கள் கையால் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். செய்முறையைப் பார்த்தால் அதன் ஒவ்வொரு வளைவிலும் உள்ள காரணம் புலப்படும். முதலில் அட்டையில் வார்ப்புரு வெட்டி முதுகில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் அதை வரைந்து அறுக்கிறார்கள். நடுக்கோட்டில் 11 அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள். இரட்டை உருளைகளை இணைக்கும் பட்டைகளின் திருகாணிகள் இவற்றில் நுழையும். இந்த 11 அங்குலம் இன்று உலகப் பொதுவளவு. எந்த ஊரில் செய்த தகட்டிலும் எந்த நாட்டின் உருளையும் பொருந்துவது இதனால்தான்.

அடுத்தது மடிப்பு. தகட்டின் நடுப்பகுதி நீளவாக்கில் ஒரு வாய்க்கால்போல வளைக்கப்படுகிறது. அதன் புடைப்பு இரு உருளைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் அமர்கிறது. அதன் உட்குழிவில் திருகாணிகளின் மரைகள் ஒளிந்துகொள்வதால் முதுகெலும்பில் குத்துவதில்லை. தட்டையான தகட்டைவிட மடித்த தகடு எளிதில் வளையாது என்பது கூடுதல் பயன். வளைக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களுக்கிடையே தகட்டை இறுக்கிச் சுத்தியலால் சிறிது சிறிதாகத் தட்டி மடிக்கிறார்கள்.

வார் நுழையும் பிளவுகள் 2 அங்குல நைலான் நாடாவுக்கு ஏற்றவை. பிளவின் இரு முனைகளிலும் துளையிட்டு இடையே அறுத்தெடுத்தபின் அரத்தால் விளிம்புகளை மழுக்க வேண்டும். இங்கே பொறுமையிழந்தால் கூரான விளிம்பு நாளடைவில் நாடாவை அறுத்துவிடும். தோள், இடுப்பு அனைத்துக்கும் ஒரே தொடர்ச்சியான நாடா; இடுப்பில் மட்டும் ஒரு கொக்கி. கொக்கிகள் குறையக் குறைய, உடையக்கூடிய இடங்களும் குறைகின்றன.

உலோகத் தேர்வில்தான் சிந்தனை தேவைப்படுகிறது. எவர்சில்வர் தகடு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியம் ஒரு கிலோவுக்கும் குறைவு. நீருக்குள் எஃகு தன் எடையில் எட்டில் ஒரு பங்கை மட்டுமே இழக்கும். அலுமினியம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கும். நுரையீரலின் மிதப்பால் மேலெழ முயலும் மார்புப்பகுதியின்மேல் எஃகின் எடை படிவதால் உடல் கிடைநிலையில் நிற்கிறது. இடுப்பில் ஈயம் கட்டுவதும் குறைகிறது. ஆனால் ஏற்கனவே கனமான எஃகு உருளைகளோடு எஃகுத் தகட்டையும் அணிந்தவர், காற்றுப்பை கிழிந்தால் தம் கால்வலிமையால் மட்டும் மேலெழ முடியாமற் போகலாம். அவருக்கு அலுமினியமே பாதுகாப்பு. கடல்நீரில் மூழ்குவோர் உப்பரிப்பைத் தாங்கும் 316 வகை எஃகை நாடுவர். அலுமினியத்தில் எஃகுத் திருகாணி தொடும் இடம் உப்புநீரில் அரிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவுவர்.

1984-இல் ஃப்ளோரிடாவின் லேக் சிட்டியில் குகையாளர்கள் இருவர் தொடங்கிய டைவ் ரைட் நிறுவனம் இத்தகைய கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990களில் வக்குல்லாவின் ஆழங்களை ஆராய்ந்த குழுவினர் இந்த அணிமுறையை ஒரு கண்டிப்பான ஒழுங்காகவே மாற்றினார்கள். குழுவில் அனைவரும் ஒரே விதமாக அணிய வேண்டும். இருளில் ஒருவர் கை மற்றவரின் குழாயைத் தேடாமலே கண்டடைய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது மறுக்க முடியாத வாதம். ஆனால் அதன் பெயரால் பிற முறைகளைப் பழிக்கும் போக்கும் வளர்ந்து நெடுங்காலச் சச்சரவுகளுக்கு வித்திட்டது. அவரவர் தேவைக்கேற்ப அரத்தோடு அமர்ந்தவர்களின் கண்டுபிடிப்பு, ஒரு தலைமுறைக்குள் வேதவாக்கானது வரலாற்றின் முரண்களில் ஒன்று.

ஷெக் எக்ஸ்லி 1994-இல் மெக்சிகோவின் சக்கட்டோன் குழியில் பெரும் ஆழம் ஒன்றை எட்ட முயன்று இறந்தார். விதிகளை வகுத்தவருக்கும் நீர் விலக்களிக்கவில்லை. எனினும் அவரது தலைமுறையினர் விட்டுச்சென்ற விதிகளும் கருவிகளும் பின்வந்த எத்தனையோ பேரை வாயில்வரை திரும்ப அழைத்து வந்திருக்கின்றன. இன்று கடைகளில் பளபளக்கும் தகடுகள் கணினியின் துல்லியத்தோடு வெட்டப்படுகின்றன. அவற்றிலும் அதே மடிப்பு, அதே பிளவுகள், அதே 11 அங்குலம்.