துயரைத் தனியே விடாத மேடை: மாணவர் தற்கொலையும் கூத்து வடிவமும்

பள்ளிப் பிள்ளைகளின் தற்கொலையைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் மேலை இசை நாடகங்களே எடுத்துக்காட்டாக வருகின்றன. பிராங்க் வெடேகிண்ட் 1891-இல் வெளியிட்ட ஜெர்மன் நாடகம், 2006-இல் நியூயார்க்கில் 'ஸ்பிரிங் அவேக்கனிங்' என்ற இசை நாடகமாக அரங்கேறியது. அதில் மோரிட்ஸ் என்ற மாணவன் தேர்வில் தோற்று, தந்தையின் ஏச்சுக்கு ஆளாகிறான். கடைசி வேளையில் பால்யத் தோழி ஒருத்தி அவனைத் தன்னோடு வரச் சொல்கிறாள். பாடம் கிடக்கிறதென்று மறுத்துவிடுகிறான். அவள் போனபின் மேடையில் அவன் மட்டும் நிற்கிறான். உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் இந்தக் கதையைச் சொன்னால் அது எவருக்கும் அயலாகத் தோன்றாது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இப்பொருளைப் பேசுவதாலேயே ஆபத்து வந்துவிடுவதில்லை. மறுமொழி சொல்ல ஆளில்லாத மேடையில்தான் ஆபத்து இருக்கிறது. வட தமிழகக் கூத்து தன் அமைப்பினாலேயே அப்படியொரு மேடையை ஏற்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். வேடம் முதலில் திரைக்குப் பின்னிருந்து பாடுகிறது. திரை விலகியதும் கட்டியங்காரன் குறுக்கே வந்து, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்கிறான். அரசனாயினும் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கர்ணன் சாவை எதிர்நோக்கிக் களத்துக்குப் புறப்படும் இரவிலும் இம்முறை மாறுவதில்லை. அவன் ஓர் அடி பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கிப் பாடுகிறார்கள். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் அதைத் தாங்குகின்றன. அவன் மூச்சு வாங்கும் இடைவெளியிலும் அவன் துயரம் வேறு குரல்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மேலை மேடையின் தனிமொழி உள்ளத்தின் ஆழத்தைக் காட்ட வல்லது, மறுக்கவில்லை. ஆனால் தன் வேதனை தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது அந்த நம்பிக்கையையே உறுதிப்படுத்தும். கூத்தில் சொன்ன சொல்லை நாலு பேர் வாங்கிக்கொள்கிறார்கள்.

பேசினாலே எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல. நாளிதழ்களில் பெரிதாக வெளியான தற்கொலைச் செய்திகளுக்குப் பின் சாவுகள் கூடியதைச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-இல் காட்டினார். 2017-இல் வந்த '13 ரீசன்ஸ் வொய்' தொடரின் சாவுக் காட்சியை, பலத்த கண்டனத்துக்குப் பின் 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது. ஆனால் 2010-இல் ஆஸ்திரியாவின் நீடர்குரோட்டென்தாலரும் அவர் குழுவினரும் இதன் மறுபக்கத்தைக் கண்டனர்: நெருக்கடியில் இருந்தவர் அந்த எண்ணத்தைக் கடந்து வந்த கதைகள் காக்கும் தன்மையோடு தொடர்புடையவை. அந்த விளைவுக்கு, மோட்சார்ட்டின் 1791-ஆம் ஆண்டு இசை நாடகமான 'மந்திரக் குழலில்' வரும் பாப்பகேனோவின் பெயர் வழங்குகிறது. உயிரை விடத் துணிந்த அவனை மூன்று சிறுவர்கள் தடுத்து, அவன் கையிலேயே உள்ள மணிகளை நினைவூட்டுகிறார்கள். நம் கட்டியங்காரன் இரவெல்லாம் செய்யும் வேலையும் இத்தகையதுதான்: குறுக்கிடுவது, கேட்பது. ஆகவே மாணவர் தற்கொலையைப் பேசும் புதிய கூத்து ஒன்று, சாகும் முறையையோ இடத்தையோ காட்டாமல், அந்தக் குறுக்கீட்டைத் தன் நடுவில் வைக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு கூத்துக்குள்ளிருந்தே எழுகிறது. அரவான் களப்பலி இளைஞன் ஒருவன் தன்னையே பலி கொடுப்பதைப் போற்றும் கூத்து அல்லவா? ஆம். அந்த வீரத்தின் அச்சில் தேர்வில் தோற்ற பிள்ளையின் சாவை வார்த்தால் அது பெருங்கேடு. மாணவர் சாவைத் தியாகமாக்கிச் சுவரொட்டி அடிக்கும் நம் வழக்கமும் அதே கேட்டைச் செய்கிறது என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆனால் களப்பலிக் கதையைக் கூர்ந்து பார்த்தால், போர் பெரியவர்களுடையது, வெற்றியும் அவர்களுக்கே, கேட்கப்படும் உயிர்தான் பிள்ளையுடையது. புதிய கூத்தில் கட்டியங்காரன் தன் கேள்வியைப் பிள்ளையிடம் நிறுத்தாமல் பெரியவர்கள் பக்கமும் திருப்பட்டும். மதிப்பெண்ணும் மருத்துவ இடமும் யாருடைய வெற்றிக்காக?

பாட்டு தேர்வு முறையை மாற்றாது என்பதும் உண்மையே. தோற்றவர் ஓராண்டை இழக்காமல் மீண்டும் எழுதும் துணைத்தேர்வும், முதலிடம் பிடித்தவர்களை அறிவிப்பதை 2017-இல் தமிழக அரசு கைவிட்டதும் எந்த நாடகத்தைவிடவும் பெரிய காரியங்கள். ஆனால் துணைத்தேர்வு இருப்பது முடிவு வந்த அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு நினைவுக்கு வர வேண்டும். அங்கேதான் பாட்டுக்கு வேலை. இளையவர் கூத்தைத் தொடமாட்டார்கள் என்பாருக்கு, பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலம் விடை. அங்கே பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு கட்டைக்கூத்து என்றும் வழங்கும் இக்கூத்தைப் பயின்று ஆடினார்கள். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா 2022 முதல் மேடையும் தருகிறது. அந்தப் புதிய கூத்தை ஆடும் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியரோ ஆலோசகரோ ஆட்டம் முடிந்த பின்னும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் உதவி எண்ணைக் கட்டியங்காரன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பார்வையாளர் வரிசையில் பெற்றோரையும் உட்கார வைக்க வேண்டும்.