முகம் மறைக்கப்பட்ட கலைஞன்

முதலாளித்துவம் கலைஞனை விலைக்கு வாங்குகிறது என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். வணிகத்தை வெறுத்தொதுங்கும் கலையும் அவனை அவ்வாறே நடத்தக்கூடும் என்பதை நாம் அத்துணை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீற்றனின் வரலாறு இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே உணர்த்துகிறது.

1895இல், ஊர் ஊராகச் சென்று நடித்த மேடைக் கலைஞர் குடும்பத்திற் பிறந்த கீற்றன், சிறுவயதிலேயே பெற்றோருடன் மேடையேறியவர். 1920களில் தமக்கென அமைந்த படப்பிடிப்பு நிலையத்திற் பேசாப் படங்களை ஆக்கினார். அவற்றுள் 'ஜெனரல்' (1926) தலையாயது. சிரியாத முகம், உயிரைப் பணயம் வைக்கும் உடல் வித்தை, களத்திலேயே பிறக்கும் கற்பனை ஆகியனவே அவரது கலையின் மூலதனம். 1928இல் அவர் மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே கதையைப் பிறர் வகுத்தனர். அவர் நடித்தாற் போதும் என்றாயிற்று. 1933இல் அந்நிறுவனம் அவரை வேலையினின்றும் நீக்கியது.

முப்பத்தோராண்டுகள் கழிந்தன. சாமுவேல் பெக்கற் எழுதி, அலன் ஷ்னைடர் நெறிப்படுத்திய 'ஃபில்ம்' என்னும் குறும்படம் 1964 கோடையில் நியூயோர்க்கிற் படமாக்கப்பட்டது. அதில் நடிக்க 68 வயதுக் கீற்றன் அழைக்கப்பட்டார். ஒளிப்பதிவாளர், சோவியத் திரைமேதை ஸீகா வேர்ற்றோவின் இளைய சகோதரர் போரிஸ் கவுஃப்மன். பெருநிறுவனங்களைச் சாராத முயற்சி. ஆற்றல் மிக்கோரின் கூட்டு. பின் குறை எங்கே நேர்ந்தது?

இருத்தல் என்பது காணப்படுதலே என்ற பார்க்கிளியின் தத்துவத்தினின்றும் எழுந்தது அப்படம். பிறர் பார்வைக்கு அஞ்சியோடும் ஒருவனைக் கமரா பின்னின்று தொடர்கிறது. அறையினுள் அவன் கண்ணாடியை மூடுகிறான். நாயையும் பூனையையும் வெளியேற்றுகிறான். பழைய புகைப்படங்களைக் கிழிக்கிறான். இறுதிக்கட்டம் வரை அவன் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை.

முகத்தை மறைத்தல் கருத்தின் தேவை எனலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், பென்சிலைச் சீவச் சீவ அது குறுகிக்கொண்டே போவது போன்ற வேடிக்கைகளைக் கீற்றன் முன்மொழிந்தபோது தாம் அவற்றை ஏற்கவில்லை என நெறியாளரே பின்னர் எழுதியுள்ளார். ஒன்றை வெளியேற்றினால் மற்றது உள்ளே நுழையும் நாய், பூனைக் காட்சியிலேதான் பழைய கீற்றனைச் சிறிது காண்கிறோம்.

1965இல் வெனிஸ் திரைப்பட விழாவிற் பார்வையாளர் அவரைப் பெருங் கரகோஷத்துடன் வரவேற்றனர். 1966 பெப்ருவரியில் அவர் காலமானார்.

பெருநிறுவனம் பணத்தின் பெயரால் அவரது சிந்தனையை விலக்கியது; சோதனைக் கலை தத்துவத்தின் பெயரால் விலக்கியது. உழைப்பவனின் உடல் வேண்டும், மூளை வேண்டாம் என்னும் முறை எங்கு நிலவினும் அது கூலிமுறையே. முற்போக்குக் கலையை ஆக்க விழையும் நாமும் நம் மேடைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று.