பழைய ரப்பரின் மறுபிறவி



நீங்கள் இருட்டோடு எழுந்து வெட்டும் பால், டயராகி ஓடித் தேய்ந்தபின் என்னவாகிறது?

முற்காலத்தில் ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கினார். ரப்பரின் நுண்ணிய இழைகளைக் கந்தகம் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிறது. அந்த முடிச்சே பிறகு இடையூறாயிற்று. தேய்ந்த ரப்பரை மெழுகுபோல் மீண்டும் உருக்க முடியவில்லை.

1858-இல் ஹைரம் ஹால் பழைய ரப்பரைப் பொடித்து நீராவியில் வேகவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1899-இல் ஆர்தர் மார்க்ஸ் காரக் கரைசலில் வேகவைத்துத் துணியிழைகளையும் நீக்க வழி கண்டார். 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானதும், ரப்பர் வரத்து நின்ற அமெரிக்கா பழைய டயர்களை மக்களிடம் சேகரித்தது.

வேகவைக்கும்போது முடிச்சோடு இழையும் அறுந்து வலு குறைகிறது. ஆகவே புது ரப்பரும் கரித்தூளும் கலக்கிறார்கள். கந்தகத்தைக் குறைத்து, அதைத் துரிதப்படுத்தும் மருந்தைக் கூட்டினால், முடிச்சுகள் குட்டையாகி வெப்பத்தை நன்கு தாங்கும்.

பழைய ரப்பர் நம் பிழைப்பைப் பறிக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. அது தனித்து நின்று பாரம் தாங்காது. புது ரப்பரின் துணை வேண்டும்.