ஆதகூர்க் கல்லும் நாமும்

கப்பன் பூங்காவின் ஓரத்தில், கஸ்தூரிபா சாலையை நோக்கி நிற்கும் செந்நிற மாளிகையைப் பெங்களூர்த் தமிழர்களாகிய நாம் பன்முறை கடந்து சென்றிருப்போம். அதுவே அரசு அருங்காட்சியகம். சென்னையில் 1851-ஆம் ஆண்டு அருங்காட்சியகம் கண்ட மருத்துவர் எட்வர்டு பால்ஃபரின் வழிகாட்டுதலாலும், மைசூர்த் தலைமை ஆணையர் பௌரிங்கின் ஆதரவாலும் 1865-இல் இது தோன்றியது. இன்றுள்ள கட்டடம் 1877-இல் கர்னல் சாங்கி வகுத்த அமைப்பில் எழுந்தது. மொகஞ்சதாரோவின் தொல்பொருள்கள், ஹளேபீடுச் சிற்பங்கள், பழங்காசுகள், குடகின் படைக்கலங்கள் என இதன் செல்வங்கள் பல.

அவற்றுள் நாம் தவறாது அறிய வேண்டியது, மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்த கன்னடக் கல்வெட்டாகும். சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50, அதன் காலம். முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் தக்கோலப் போரில் வீழ்ந்ததை அது உரைக்கிறது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனே அவனைக் கொன்றான் என்கிறது. சோழர் செப்பேடோ, யானைமீதிருந்தபடியே அவன் வீரசுவர்க்கம் எய்தினான் எனப் போற்றுகிறது.

நம் மன்னர் குலத்தின் தோல்வியைச் சொல்லும் கல் என்று இதனை நாம் ஒதுக்கிவிடலாமா? ஆகாது. இக்கல் நடப்பட்டது அப்போர் வெற்றிக்காக அன்று, ஒரு நாய்க்காக. போரில் சிறந்த மணலேரன் என்னும் வீரனிடம், வேண்டுவது கேள் என்றான் பூதுகன். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. பின்னர் அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. மணலேரன் கோயில் முன்னே கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் அளித்தான். நாயும் பன்றியும் பொரும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் வீரனோடு சேர்த்து நினைவுகூர்கிறது. களத்தில் பகைவராய் நின்ற இரு நாட்டாரும், உயிர் கொடுத்த விலங்குக்குச் செய்த நன்றியில் ஒரு குலத்தவராயினர்.

நம் பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளியில் கன்னடம் பயில்கின்றனர். பழங்கன்னடமும் ஓரளவு கற்பாராயின், நாம் பிறர் சொல்லக் கேட்டறிந்த இக்கல்லை அவர்கள் தாமே படிப்பர். இராசாதித்தனின் வீழ்ச்சியை மறைக்காமலும், காளியின் கதையை மறக்காமலும் அவர்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடன்.