கதை கேட்ட சங்கம்

தொழில் நிறுவனங்களில் கதைக்கு என்ன வேலை, அது யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்று ஆராய்கிற பேராசிரியர்கள் இப்போது உலகெங்கும் இருக்கிறார்கள். கதை எழுதிக் காலம் தள்ளும் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் அவர்கள் தேடும் விஷயம் நம் வடசென்னைப் பெரம்பூரில் நூறு வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

பின்னி கம்பெனிக்கு அங்கே பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள். அக்கம்பக்கத்தில் கடை வைத்திருந்தவர் செல்வபதி செட்டியார். சாமான் வாங்க வருகிற தொழிலாளி காசோடு தன் கஷ்டத்தையும் அங்கே கொட்டிவிட்டுப் போவான். செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஒரு பக்தி சபையும் நடத்தி வந்தார்கள். அங்கே பிரசங்கம் கேட்க வந்தவர்களிலும் மில்காரர்கள் உண்டு. கேட்ட கதைகளைச் சுமந்துகொண்டு இருவரும் பி.பி. வாடியாவிடம் போனார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி. அன்னிபெசன்ட் அம்மையாரின் சகா. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழாக்கித்தான் தொழிலாளரிடம் சேர்க்கவேண்டியிருந்தது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் உடன் நின்றார். பகல் சாப்பாட்டுக்கு விட்ட அரைமணி போதாது என்பது அவர்களுடைய முதல் முறையீடுகளில் ஒன்று. எவ்வளவு சின்னக் கதை! கம்பெனிக்கு அதுவே பொறுக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனது. அந்த வழக்கு தேசமெங்கும் பேச்சாகி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கும் ஒரு காரணமாயிற்று.

இந்தச் சரித்திரத்தைத் துருவி எழுதியவர்களில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வீரராகவன் ஒருவர். கண்பார்வை இல்லாதவர். 2009-ல் காலமானார், புத்தகம் 2013-ல்தான் வெளிவந்தது. அவர் ஆராய்ந்த காலத்தில் 1921-ஐத்தான் என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை.

அந்த வருஷம் மில்களில் பெரிய வேலைநிறுத்தம். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. சேரவேண்டாம் என்று எம்.சி. ராஜா சொன்னார். அவர்களைக் கருங்காலிகள் என்பது சுலபம். கூலி நின்றால் சேரியில் அன்றைக்கே அடுப்பு எரியாது. கடன் கொடுக்க ஆளில்லை. அந்தக் கதையை யார் காதுகொடுத்துக் கேட்டார்கள்? கம்பெனி கேட்டது, தன் காரியத்துக்காக. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அடி, வெட்டு, ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது.

அப்போது மந்திரிசபை ஜஸ்டிஸ் கட்சியுடையது. சர்க்கார் ஆதி திராவிடருக்குச் சலுகை காட்டுகிறது என்று குறை சொன்னவர்களில் அந்தக் கட்சியின் தலைவர் தியாகராய செட்டியாரே ஒருவர். ராஜாவும் அந்தக் கட்சிக்காரர்தாம். 1923-ல் அதைவிட்டு வெளியேறினார்.